ஜனவரிக் கணக்கு

பதினேழாம் எண்ணின் சாவி
எப்போதும் ஹார்மெனிடம்.
விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தபோது
அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு தடவை,
ஜனவரியின் இரண்டாம் சனிக்கிழமை,
வண்டிகள் நிறுத்துமிடத்தில் சந்திக்கிறோம்.
அவன் ஃபிளாஸ்கில் காப்பி, என் பையில் வெண்ணெய் பிஸ்கட்.
யெல்லெ போன் செய்தானா? செய்தான்.
உன் முழங்கால்? இருக்கிறது.
பிறகு மணல்மேட்டில் ஏறத் தொடங்குகிறோம்.
மீதிப் பேச்சைக் காற்று வாங்கிக்கொள்கிறது.

கடல் தெரியாத நாள் இது.
மூடுபனிக்குள் எங்கோ படுத்து
இருமிக்கொண்டிருக்கிறது.
முட்புதர் விலக்கினால் மேட்டின் தோளில்
சாம்பல் நிறச் சுவர்.
கப்பல்களை எதிர்பார்த்து வைத்த துப்பாக்கிப் பிளவில்
இப்போது புல் எட்டிப் பார்க்கிறது.

இரும்புக் கதவு. குனிய வேண்டும்.
வெளியே உறைந்தாலும் உள்ளே ஏழெட்டு டிகிரி.
விதிகள் எளியவை:
கிசுகிசுத்தால் போதும்.
விளக்கை ஓரிடத்தில்
மூன்று நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது.
மூச்சைக்கூட மேலே பார்த்து விடக் கூடாது.
இவ்வளவு கவனமாக நாங்கள்
ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை.

வெடிப்பில் முதல் வௌவால்.
தீப்பெட்டி அளவுதான்.
ரோமமெல்லாம் நீர் முத்து,
கழுவித் துடைக்காமல் வைத்த வெள்ளிக் கரண்டிபோல்
ஒரு கணம் மின்னி அணைந்தது.
"நீர்வௌவால். ஒன்று."
எழுதிக்கொள்கிறேன்.

படுக்கைகளைத் தாங்கிய கொக்கிகள்
துருவாகச் சுவரில் வழிகின்றன.
புகைபிடிக்காதே என்று ஜெர்மனில் ஒரு கட்டளை,
கறுப்பு இன்னும் விடாத மை.
கடைசி எழுத்தின் வளைவைப் பற்றிக்கொண்டு
இரண்டு மீசை வௌவால்கள்,
முழுக்கக் கீழ்ப்படிந்து தூங்குகின்றன.

இந்தச் சுவருக்கு மணல் இழுத்த வண்டிக்காரர்களில்
ஹார்மெனின் அப்பாவும் உண்டு.
பத்தொன்பது வயது.
துப்பாக்கி முனையிலா, கூலிக்கா?
அந்த வீட்டின் மேசையில் யாரும் வைக்காத கேள்வி.
அந்த வருஷம் ஒரு பசு வாங்கினார்கள்.
பசுவின் பெயரை மட்டும்
எல்லோரும் சொல்வார்கள்.
சுவரைத் தடவினால்
உடைந்த சிப்பி விரலில் கீறும்.
அதே மணல்தான், கொஞ்சம் இறுகிப் போனது.

கடைசி அறையின் தரையில்
ஈரச் சிமெண்டில் நடந்த நாய் ஒன்றின்
நான்கு கால்தடங்கள் உண்டு.
ஐந்தாவது இல்லை.
அதட்டல் கேட்டுத் தாவியிருக்கலாம்,
யாராவது தூக்கிக்கொண்டும் போயிருக்கலாம்.
அந்த இடத்தில் யாரோ ஒருவர்
நாயைத் தூக்கியிருப்பார் என்பதை
நான் விட்டுக்கொடுப்பதில்லை.
இந்த ஆண்டு பிளவு வழியே வந்த மணல்
தடங்களை மூடியிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஹார்மென் அந்த முழங்காலோடு மண்டியிட்டு,
கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு,
விரல்களால் துடைத்தான்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

வெளியேறும் நேரத்தில், கதவருகே, கூரை மூலையில்
ஒரு சிறு கட்டி.
"இரண்டு" என்றான்.
"ஒன்று, தடித்தது" என்றேன்.
மூன்று நொடி முடிந்துவிட்டது.
விளக்கை அணைத்து இருட்டில் நின்றபடி
காதுகளைப் பற்றி வாதாடினோம்.
நாற்பத்தொன்று, அல்லது நாற்பத்திரண்டு.
படிவத்தில் 'அல்லது' எழுத இடமில்லை.
பென்சிலை அழுத்தாமல்
அவன் எண்ணையே எழுதினேன்.

பூட்டிய பிறகுதான் பார்த்தான்,
ஒரு கையுறை உள்ளே.
குளிர்காலம் முடியும்வரை
இன்னொரு தடவை திறக்க அனுமதியில்லை.
"ஏப்ரலில் எடுத்துக்கிறேன், வீட்ஸ்கே."
வெறுங்கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
எனக்கு முன்னால் இறங்கினான்.
மணல் அவன் பூட்ஸ் தடத்தை
உடனுக்குடன் சரித்துக்கொண்டிருந்தது.

என் பையில் உபரியாக ஒரு ஜோடி இருந்தது.
வண்டிகள் தெரியும்வரை
அதன் கம்பளியைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.